மயிலாடி மாணிக்கம்: யார் யாரைக் கண்டெடுத்தது?

எங்கள் ஊர் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு கதை சொல்லுவார்கள். வருஷத்துக்கு ஒருதடவையாவது அந்தக் கதை வந்துவிடும். கடல் கடந்து வந்த வெள்ளைக்கார ஐயர் ஒருவர் சேற்றில் கிடந்த ஒரு கல்லைக் கண்டார். குனிந்து எடுத்தார். கழுவித் துடைத்தார். அது மாணிக்கமாக மின்னியது. அந்த மாணிக்கம்தான் மயிலாடி வேதமாணிக்கம். கதை சொல்லுகிற அக்கா கடைசியில் எங்களைப் பார்த்து, "நீங்களும் அப்படித்தான் பிள்ளைகளே, சேற்றில் கிடக்கிற மாணிக்கங்கள்" என்று முடிப்பார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அதுவரைக்கும் மாணிக்கம் என்று எங்களை யார் கூப்பிட்டிருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்திலும் தேநீர்க் கடையிலும் கூப்பிட்ட பெயர்கள் வேறு.

ஒருநாள் இந்தக் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். முழுசையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சேறுன்னு எதச் சொல்லுதாவ மக்கா? நம்ம தெருவயா? நாம நாத்து நட்ட வயலயா? அந்தச் சேத்துல நின்னுதானே எல்லாருக்கும் சோறு போட்டோம். கல்லு முன்னாடியே மின்னிட்டுத்தான் கெடந்திருக்கும். பாக்கதவனுக்குக் கண்ணு தெரிய அம்புட்டு நாளாச்சு, அவ்வளவுதான்."

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். தலித் அரசியலுக்கு வந்தேன். மிஷன் வரலாறுகளைத் தேடித்தேடிப் படித்தேன். இத்தனைக்கும் பிறகு நான் வந்து நிற்கிற இடம் பாட்டி வெற்றிலை இடித்த அந்தத் திண்ணைதான். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதிப் பார்க்கிறேன்.

1

மத்தேயு எழுதின சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் புதையல் கதை ஒன்று இருக்கிறது. ஒருவன் யாருடைய நிலத்திலோ புதைந்து கிடந்த பொக்கிஷத்தைப் பார்த்துவிடுகிறான். அதை அப்படியே மூடிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். தன்னிடம் இருப்பதையெல்லாம் விற்று அந்த நிலத்தை வாங்கிவிடுகிறான். இயேசு சொன்ன கதைகளில் இதுதான் மிகச் சின்னது என்று நினைக்கிறேன். 'மனிதருக்குள் மறைந்திருக்கும் மதிப்பைக் காண்பது' என்று பிரசங்கம் செய்கிறவர்கள் உடனே எடுக்கிற கதையும் இதுதான்.

ஆனால் பிரசங்கங்களில் மூன்று விஷயம் விட்டுப்போகிறது. ஒன்று, அவன் பார்ப்பதற்கு முன்பே அது பொக்கிஷம்தான். அவன் பார்த்ததனால் அதற்கு மதிப்பு வந்துவிடவில்லை. இரண்டு, பார்த்தவன் சும்மா பாராட்டிவிட்டுப் போகவில்லை, உள்ளதையெல்லாம் விற்றான். பார்த்ததற்கு ஒரு விலை கொடுத்தான். மூன்று, அவன் பொக்கிஷத்தை மட்டும் தோண்டி எடுத்துக்கொண்டு நிலத்தைச் சேறு என்று விட்டுப்போகவில்லை. நிலத்தோடு சேர்த்துத்தான் வாங்கினான்.

இந்த மூன்றையும் உரைகல்லாக வைத்துக்கொண்டு தமிழ்க் கிறித்தவ வரலாற்றைக் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். நம்மிடம் மதிப்பைக் கண்டதாகச் சொன்னவர்கள் உண்மையில் எதைக் கண்டார்கள்? கண்டபிறகு எதை விற்றார்கள்? நிலத்தை என்ன செய்தார்கள்?

2

மயிலாடிக்குப் போவதற்கு முன்பு தஞ்சாவூருக்குப் போக வேண்டும். அங்கே ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பறையர். தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரர். கத்தோலிக்கராக இருந்தவர். தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷம் அவர் கைக்குக் கிடைத்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே படித்தார். படித்துவிட்டு 1720களில் தரங்கம்பாடி மிஷனரிகளைத் தானே தேடிப்போனார். எழுத்தும் வாசிப்பும் நமக்கு வெள்ளைக்காரன் போட்ட பிச்சை என்று பேசுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டும். சுவிசேஷம் அவர் கைக்கு வந்தபோது, அதை வாசிக்கிற கண் அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

ஐரோப்பியர்கள் தஞ்சை ராஜ்ஜியத்துக்குள் எளிதில் நுழைய முடியாத காலம் அது. ராஜநாயக்கன் போனார். ஊர் ஊராகப் போய்ச் சபைகளைக் கூட்டினார். எதிர்ப்பு வந்தது, தாங்கினார். உபதேசியார் ஆனார். அவருடைய திறமையும் உறுதியும் மிஷனரிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. எழுதியும் வைத்தார்கள்.

1733இல் மிஷன் முதல் தமிழ்ப் போதகருக்கு அபிஷேகம் செய்தது. அவர் ஆரோன், வெள்ளாளர். அடுத்தவர் யார் என்ற கேள்வி வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் எழுந்தது. மிஷனரிகள் யோசித்தார்கள். தகுதி உண்டா? உண்டு. உழைப்பு உண்டா? உண்டு. ஆனால் ஒரு பறையர் கையால் மேல்சாதிக் கிறித்தவர்கள் இராப்போஜனம் வாங்குவார்களா? அவரை வீட்டுக்குள் விடுவார்களா? யோசனை அங்கே முட்டி நின்றது. 1741இல் தியோகு என்பவர் போதகரானார். ராஜநாயக்கன் சாகும்வரைக்கும் உபதேசியாராகவே இருந்தார்.

இதை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே மதிப்பு மறைந்திருக்கவில்லை. மிஷனரிகளுக்குக் கண் தெரியாமலும் இல்லை. பார்த்தார்கள், எடை போட்டார்கள், பொன் என்று தெரிந்துகொண்டார்கள். தெரிந்தபிறகு மண்ணைப் போட்டு மூடினார்கள். புதையல் கதையில் வருகிறவன் மூடியது நிலத்தை வாங்குவதற்காக. இவர்கள் மூடியது பக்கத்து நிலத்துக்காரன் கோபித்துக்கொள்வானே என்பதற்காக. 'மறைந்திருக்கும் மதிப்பு' என்கிற சொல்லே இதனால்தான் எனக்கு இடிக்கிறது. மறைந்து கிடந்தது என்று சொன்னால் மறைத்தவனுக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது.

3

இனி மயிலாடி. நாகர்கோவிலிலிருந்து அதிக தூரமில்லை. இன்றைக்குக் கல் சிற்பத்துக்குப் பெயர்போன ஊர். அந்தக் காலத்தில் தெற்குத் திருவிதாங்கூர். அங்கே சாம்பவர் குடியில் மகாராசன் பிறந்தார். திருவிதாங்கூரில் சாதி எந்த அளவுக்கு இறுகிக் கிடந்தது என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலைவரி, ஊழியம், அளந்து வைத்த தீட்டுத் தூரம், மாரை மறைக்கத் தடை, வாங்கி விற்கிற அடிமைமுறை. அந்த ஊரில்தான் ஒரு சாம்பவக் குழந்தைக்கு மகாராசன் என்று பெயர் வைத்தார்கள். பெற்றவர்களுக்குத் தங்கள் பிள்ளையின் மதிப்புத் தெரிந்திருக்கிறது.

மகாராசன் சிவபக்தர். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் உறவுப்பையனைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு யாத்திரை புறப்பட்டார். நடந்துதான். 400 கிலோமீட்டருக்கு மேல். தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நந்தன் நினைவு வராமல் போகாது. பெரியபுராணத்தின் திருநாளைப்போவார், பின்னால் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையில் பாடிய நந்தனார். அதே சிதம்பரம், அதே குடி, வாசலுக்கு வெளியே நிற்கிற அதே நிலை. நந்தனைத் தீயில் இறக்கிப் பார்ப்பான் உருவத்தில் வெளியே எடுத்தால்தான் அவன் பக்தி செல்லுபடியாகும் என்று புராணம் சொல்லியது. நந்தனின் மதிப்பை நடராசர் கண்டார் என்று நாமும் வகுப்பில் படித்தோம். கண்டாரா? பறையனாகவே உள்ளே வா என்று சொல்லியிருந்தால் கண்டார் என்று ஒப்புக்கொள்ளலாம்.

மகாராசன் தீக்குள் இறங்கவில்லை. சிதம்பரத்தில் மனம் கசந்து, உறவினர்கள் இருந்த தஞ்சாவூர்ப் பக்கம் நடந்தார். என்னைப் பொறுத்தவரை நம் வரலாற்றில் இது முக்கியமான திருப்பம். தன்னை எரித்துத் தூய்மையாக்கிக்கொள்ள மாட்டேன் என்று ஒரு மனிதன் காலால் எடுத்த முடிவு அது. அதற்கு வேதப் புத்தகம் தேவைப்படவில்லை. தன்மானம் போதுமானதாக இருந்தது.

தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் 1798இல் இறந்திருந்தார். சபையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கோல்ஹாஃப். அவருடைய பேச்சை மகாராசன் கேட்டார். ஞானஸ்நானம் பெற்றார். வேதமாணிக்கம் என்று பெயர். உடன்போன உறவுப்பையன் மாசிலாமணி ஆனார். மாணிக்கம், மாசு இல்லாத மணி! பெயர்களைப் பாருங்கள். அதேசமயம் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தப் பெயர்களைக் கொடுத்த தஞ்சைச் சபையில் வெள்ளாளக் கிறித்தவர்கள் ஒரு பக்கம், பறையர் கிறித்தவர்கள் இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். சாதி ஆசாரம் சபைக்குள் இருப்பதில் தவறில்லை என்று வாதாடிய வேதநாயக சாஸ்திரியார் வாழ்ந்த ஊரும் அதுதான். சாதியை முழுசாக விட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் எழுதியபோது, பல மேல்சாதிக் கிறித்தவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். மாணிக்கம் என்று பெயர் கொடுப்பது எளிது. பக்கத்தில் உட்கார்வதற்குத்தான் பாடு.

வேதமாணிக்கம் ஊருக்குத் திரும்பினார். புத்தகங்களைக் கொண்டுவந்து சொந்தக்காரர்களைக் கூட்டி வாசித்துக் காட்டினார். சிறு கூட்டம் சேர்ந்தது, கூடவே தொல்லையும் வந்தது. பேசாமல் எல்லாரும் தஞ்சாவூர்ப் பக்கமே குடிபெயர்ந்துவிடலாமா என்று கேட்க அவர் மறுபடியும் அங்கே போனதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அப்போதுதான் இங்கிலாந்தின் லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய பிரஷ்ய நாட்டுக்காரர் ரிங்கல்தௌபே பற்றித் தெரியவந்தது. அவர் 1804இல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் படித்துக்கொண்டிருந்தார். 'எங்கள் ஊருக்கு வாருங்கள்' என்று அவரை அழைத்தவர் வேதமாணிக்கம். 1806 ஏப்ரல் 25இல் ரிங்கல்தௌபே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மயிலாடிக்கு வந்து சேர்ந்தார்.

இப்போது கேட்கிறேன். யார் யாரைக் கண்டெடுத்தது? வெள்ளைக்காரர் கணவாயைத் தாண்டி வந்து சேற்றில் கிடந்த கல்லை எடுத்தார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நடந்தது நேர்மாறு. ஒரு சாம்பவர் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் நடந்தார், ஒருமுறைக்கு இருமுறை. தன் மக்களுக்கு என்ன வேண்டும் என்று தேடினார். எதிலோ ஒரு மதிப்பைக் கண்டார். தனக்குப் பயன்படுவார் என்று ஒரு அந்நியரைத் தேர்ந்து ஊருக்கு அழைத்துவந்தார். ரிங்கல்தௌபே வருவதற்கு முன்பே மயிலாடியில் கூடுகை இருந்தது. வெள்ளைக்கார மிஷனரிதான் வேதமாணிக்கம் கண்டெடுத்த மாணிக்கம் என்று எழுதினால் வரலாற்றில் பிழையேதும் வந்துவிடாது.

4

ரிங்கல்தௌபேயைக் குறைத்துச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் வினோதமான மனிதர். கையில் வந்த சம்பளத்தையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கோட்டுக்கூட இல்லாமல் நாட்டு வைக்கோல் தொப்பியோடு அலைந்தவர். 1809இல் மயிலாடியில் கோயில் எழும்பியது. ஆனாலும் அவருக்கும் சந்தேகப் பார்வை இருந்தது. இந்த மக்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, வரியும் ஊழியமும் குறையும் என்று வருகிறார்களா என்று எழுத்தில் அலுத்துக்கொண்டிருக்கிறார். அவர் மட்டுமல்ல; பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் இந்த அலுப்பு இருந்தது. 'அரிசிக் கிறித்தவன்' என்ற வசையும் இந்த அலுப்பில் பிறந்ததுதான்.

எனக்கு இந்த இடத்தில் கோபம் வரும். தலைவரி கொடுத்தே முதுகொடிந்தவன் வரி குறைய வேண்டும் என்று கேட்டால் அது ஆத்தும விஷயம் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குப் போகாமல் வீட்டில் உட்கார வேண்டும் என்று ஒருவன் ஆசைப்பட்டால் அது தேவனைத் தேடுவது ஆகாதா? எகிப்தில் செங்கல் அறுத்த இஸ்ரவேலர் எதற்காகக் கூப்பாடு போட்டார்கள்? முதலில் சுமையிலிருந்து விடுதலை கேட்டார்கள். மோசேயின் தேவன் அவர்களைப் பார்த்து 'நீங்கள் கூலிக்காக வருகிறீர்கள்' என்று சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவனின் தேவையைக் கேவலமாகப் பார்க்கிற கண், அவனுடைய மதிப்பையும் பார்க்காது. பசியையும் மானத்தையும் பிரித்துப் பார்க்கிற வசதி பசிக்காதவனுக்குத்தான் உண்டு.

ஆனால் ரிங்கல்தௌபே ஒரு காரியம் செய்தார். 1816இல் உடம்பு கெட்டு ஊரைவிட்டுப் போகும்போது, சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தஞ்சையில் ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்டது இங்கே வேதமாணிக்கத்தின் கைக்கு வந்தது. அடுத்த மிஷனரியான சார்லஸ் மீட் 1818இல்தான் வந்தார். நடுவில் எந்த வெள்ளைக்காரரும் இல்லாமல் ஒரு சாம்பவர் சபைகளை நடத்தினார். சபைகள் கலைந்துபோகவில்லை. ரிங்கல்தௌபே கப்பலேறிப் போனவர் எங்கே இறந்தார், எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. உள்ளதையெல்லாம் விற்றவன் கதை அவருக்குக் கொஞ்சம் பொருந்தும்.

5

மீட் நாகர்கோவிலில் பள்ளி தொடங்கினார். பின்னாளில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அச்சகம் வைத்தார். பிறகு நெய்யூருக்குப் போனார். தோள்சீலைக் கலகம் 1822இல் தொடங்கி அலையலையாக வந்து 1859 அரசப் பிரகடனம் வரை நீண்டது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் ஒடுக்கப்பட்டவர்கள் பக்கம் நின்ற மிஷனரிகளில் அவரும் ஒருவர். திருவிதாங்கூர் மிஷனரிகள் அடிமைமுறையை ஒழிக்க 1847இல் மன்னருக்கு மனுப்போட்டார்கள். 1855இல் அடிமைகளை விடுவிக்கும் பிரகடனம் வந்தது. இதெல்லாம் நன்றியோடு சொல்ல வேண்டியவை. சொல்லுகிறேன்.

ஆனால் 1852இல் ஒரு சம்பவம் நடந்தது. முந்தைய மனைவியை இழந்திருந்த மீட், லோயிஸ் பிடல்ஃப் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். பெயரைப் பார்த்தால் ஆங்கிலப் பெண் என்று தோன்றும். இல்லை, பறையர் கிறித்தவக் குடும்பத்துப் பெண். மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலாந்தில் பணம் கொடுக்கிற புண்ணியவான்களின் பெயரை வைக்கிற வழக்கம் அப்போது இருந்தது. அவ்வளவுதான், சக மிஷனரிகள் கொதித்துப்போனார்கள். 34 ஆண்டு உழைத்த மீட் லண்டன் மிஷனரி சங்கத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. திருவனந்தபுரம் போய் அரசாங்க வேலை பார்த்தார்.

யோசித்துப் பாருங்கள். இவர்களேதான் அடிமைகளுக்காக மனுப்போட்டவர்கள். பறையருக்கும் ஆத்துமா உண்டு, அது விலைமதிப்பில்லாதது என்று வீதிவீதியாகப் பிரசங்கித்தவர்கள். ஆத்துமா மாணிக்கம் என்றார்கள். ஆனால் அந்த ஆத்துமாவுக்கு ஒரு உடம்பு இருக்கிறது, அந்த உடம்பு பங்களாவுக்குள் வந்து எஜமானி நாற்காலியில் உட்காரும் என்றதும் முகம் சுளித்தார்கள். ஆத்துமாவைத் தொடலாம், அதற்குத் தீட்டுக் கிடையாது. நம் ஊர் மேல்சாதிக் கிறித்தவரும் இதைத்தான் சொல்லுகிறார்: 'எல்லாரும் ஆண்டவருடைய பிள்ளைகள்தான் தம்பி, ஆனா கல்யாணம்னு வரும்போது...' அந்த 'ஆனா'வுக்கு வயது குறைந்தது 300 ஆண்டு.

மீட்டை நான் வீரனாக்கவில்லை. திருமணத்தின்போது அவருக்கு 60 வயது. எஜமானனும் மிஷனுக்குள் வளர்ந்த பெண்ணும் செய்துகொண்ட திருமணத்தில் பெண்ணின் விருப்பம் என்னவாக இருந்தது என்று இன்றைக்கு நாம் கேட்டே ஆக வேண்டும். நான் படித்த மிஷன் புத்தகங்களில் எல்லாரும் பேசுகிறார்கள், லோயிஸ் பேசவில்லை. வேதமாணிக்கத்தின் வீட்டுப் பெண்களும் பேசவில்லை. மாணிக்கம், மணி என்று ஆண்களுக்குப் பெயர் வைத்த வரலாறு, ஒரு வாரக் கூடுகைக்கும் உலை வைத்து, தொல்லை வந்தபோது பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களைச் சேற்றிலேயே விட்டுவிட்டது. நம் எழுத்தும் அவர்களை அங்கேயே விட்டுவிட்டால், வெள்ளைக்காரனைக் குறைசொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

6

தமிழ் படித்தவனாக ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கால்டுவெல். எம்.ஏ. வகுப்பில் அவரைக் கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டோம். 1849இல் நாடார்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கிலப் புத்தகம் அந்த மக்களையே கொதிக்கவைத்தது. அவர் அதைத் திரும்பப்பெற வேண்டியிருந்தது. தான் வாழ்நாளெல்லாம் உழைத்த மக்களையே சரியாகப் பார்க்காத கண் அது. அதே கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின் பின்னிணைப்பில், பறையர் திராவிடரா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, அவர்கள் அந்நியர் இல்லை, திராவிடர்தான் என்று வாதாடியிருந்தார். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியிருந்ததே அவமானம்தான். இருந்தாலும் பதில் நேர்மையான பதில்.

முதல் பதிப்பு 1856. இரண்டாம் பதிப்பு 1875. கால்டுவெல் 1891இல் இறந்தார். 1913இல் வையட்டும் ராமகிருஷ்ண பிள்ளையும் திருத்தி வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் பறையரைப் பற்றிய அந்தப் பகுதியைக் காணவில்லை. எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கல்லூரிகளில் புழங்கியது இந்தப் பதிப்புதான். நான் படித்ததும், எனக்குப் பாடம் நடத்தியவர் படித்ததும் அதுதான். 2008இல் கவிதாசரண் இரண்டாம் பதிப்பை முழுசாக மறுபதிப்புச் செய்தபிறகுதான் இழந்தது என்ன என்று பரவலாகத் தெரியவந்தது.

திராவிடம் என்ற சொல்லின் மேல் ஒரு நூற்றாண்டு அரசியல் நடந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அடித்தளம் போட்ட புத்தகத்திலிருந்து பறையர் திராவிடரே என்று சொன்ன பக்கங்கள் கத்தரிக்கப்பட்டிருக்கின்றன. தஞ்சையில் ராஜநாயக்கன் மேல் மண்ணைப் போட்டார்கள். இங்கே காகிதத்தைக் கத்தரித்தார்கள். பாடத்திட்டம், பதிப்பு, திருத்தம் என்று மரியாதையான பெயர்களில் இது நடக்கும். மறைந்த மதிப்பைத் தேடுகிறோம் என்று புறப்படுகிறவர்கள் மண்வெட்டியைவிட முதலில் பழைய பதிப்புகளைக் கையில் எடுப்பது நல்லது.

7

இன்றைக்கு வருவோம். 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். அதற்குமேல் கதவு திறக்கவில்லை. 2022இல் நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தார்கள். அரசாங்கத்தின் வாதம் என்ன? கிறித்தவத்தில் சாதி இல்லை, ஆகவே நீங்கள் தலித் இல்லை. சபையின் நடைமுறை என்ன? நீங்கள் தலித், ஆகவே கல்லறையில் உங்களுக்குத் தனி மூலை. இரண்டு பேரும் சந்தித்துப் பேசிக்கொண்டதுபோல நம்மை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவன் நம் காயத்தைப் பார்க்க மறுக்கிறான், இன்னொருவன் நம் மதிப்பைப் பார்க்க மறுக்கிறான்.

நாசரேத்திலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று நாத்தான்வேல் கேட்டதாக யோவான் எழுதியிருக்கிறார். நாசரேத்து என்ற இடத்தில் நம் காலனிப் பெயர் எதையாவது போட்டுப் பாருங்கள். கேள்வி அப்படியே பொருந்தும். பிலிப்பு அவனிடம் வாதாடவில்லை. வந்து பார் என்று கூப்பிட்டான். நாத்தான்வேல் எழுந்து போனான். என் கிறித்தவம் இந்த அளவுக்குச் சின்னதாகச் சுருங்கிவிட்டது: எழுந்து வந்து பார்க்கத் தயாராக இருக்கிறவனோடு பேசுவேன். பீடத்தில் உட்கார்ந்தபடி 'உன்னுள் மாணிக்கம் இருக்கிறது மகனே' என்று ஆசீர்வதிக்கிறவரிடம் எனக்கு வேலை இல்லை.

இதே அளவுகோலை நம் மேலும் வைக்க வேண்டும். தலித் எழுத்து, தலித் சபை, தலித் இயக்கம் என்று பேசுகிற நாமே அருந்ததியர் தோழரின் வீட்டில் பெண் எடுத்திருக்கிறோமா? புதிரை வண்ணாரை மேடையில் பேசவிட்டிருக்கிறோமா? நமக்கும் ஒரு 'ஆனா' இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. போன வருஷம் ஒரு கூட்டத்தில் கழிவறை கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் 'நீங்களும் ஒரு மாணிக்கம்மா' என்று சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாணிக்கம்லாம் இருக்கட்டும் தம்பி, இந்தத் தடவையாவது எங்க பிள்ளைங்கள்ல ஒருத்தரைப் பேச வைப்பீங்களா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓய்வுநாள் பள்ளி அக்காவாக நான் எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவின் மகள் பேசினாள். அவள் எங்களைப் பாராட்டவில்லை. எங்களுக்குப் பிடிக்காத நாலு விஷயத்தைச் சொன்னாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இரண்டு பேர் எழுந்துபோனார்கள். அதுதான் நாங்கள் கொடுத்த விலை. உள்ளதையெல்லாம் விற்றவனோடு ஒப்பிட்டால் இது காலணாவுக்குக்கூடத் தேறாது. ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

பாட்டி போய்ப் பல வருஷமாயிற்று. ஓய்வுநாள் பள்ளியில் இப்போதும் அந்தக் கதையைச் சொல்லுகிறார்கள். போன மாதம் ஊருக்குப் போனபோது என்னைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். மயிலாடியிலிருந்து ஒருவர் சிதம்பரம் வரைக்கும் நடந்து, அங்கே குனியாமல் திரும்பி, தஞ்சாவூர் போய், ஒரு வெள்ளைக்காரரை ஊருக்குக் கூட்டிவந்த கதையாகச் சொன்னேன். ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணே, அவரு பழைய பேரு என்ன?"

"மகாராசன்" என்றேன்.

"அதுவே நல்லாத்தானே இருந்திச்சி" என்றான்.